கைமாறும் மருத்துவமனையும் வார்டில் நிற்கும் செவிலியரும்: விருதுநகரை முன்வைத்து

மல்லாங்கிணற்றில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம், அடுத்து விருதுநகர் அரசு மருத்துவமனை, அங்கும் முடியாதென்றால் மதுரை பெரியாஸ்பத்திரி. மூன்றும் அரசுடையவைதான். ஆனால் மூன்றையும் ஆள்வது ஒரே கை அல்ல. ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ் வருகிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளை டி.எம்.எஸ். என்று சொல்லப்படும் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககம் நடத்துகிறது; விருதுநகரும் முன்பு அதன் கீழ்தான் இருந்தது. மதுரை, மருத்துவக் கல்வி இயக்ககத்தைச் சேர்ந்தது. மருத்துவமனை கைமாறுவது என்றாலே தனியார் விற்பனைதான் நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டின் சாதாரண நோயாளியைப் பொறுத்தவரை, இயக்ககம் விட்டு இயக்ககம் மாறுவதும் உடைமை மாற்றத்துக்கு இணையானதே என்பது இக்கட்டுரையின் வாதம்.

1985 மார்ச்சில் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து காமராஜர் மாவட்டம் (இன்றைய விருதுநகர் மாவட்டம்) உருவானது. விருதுநகர் அதன் தலைமையிடமானது. 2020 மார்ச் 1 அன்று இங்கே அரசு மருத்துவக் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தின் 11 புதிய கல்லூரிகளுள் ஒன்றாக, 150 இடங்களுடன், பிரதமர் காணொலி வழியே அதைத் திறந்து வைத்தார். இருக்கும் மாவட்ட மருத்துவமனையோடு கல்லூரியை இணைக்கும் மத்திய அரசுத் திட்டம் அது. அதனால் பழைய மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கைக்குப் போனது.

இந்த மாற்றம் வார்டில் என்ன செய்ய வேண்டும்? இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோலைப் பாருங்கள். பொது வார்டில் சாதாரண மருத்துவமனைக்கு 5 படுக்கைக்கு ஒரு செவிலியர், போதனா மருத்துவமனைக்கு 3 படுக்கைக்கு ஒருவர். விடுப்புக்கென 30 சதவீதம் கூடுதலாக வேண்டும். 30 படுக்கை வார்டு ஒன்றில் இது 6 பேருக்கும் 10 பேருக்கும் உள்ள வித்தியாசம். மூன்று ஷிஃப்டுக்குப் பிரித்தால் இரவு டியூட்டியில் இருவர் நிற்பதா மூவர் நிற்பதா என்று ஆகும். ஆனால் கல்லூரிக்கு அனுமதி தரும் தேசிய மருத்துவ ஆணையத்தின் கெடுபிடி பேராசிரியர்கள் மீதே முதலில் விழுகிறது. பயோமெட்ரிக் வருகைப்பதிவு அவர்களுக்குத்தான். ஆய்வுக்கு முன் பழைய கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்களை மாற்றி அனுப்புகிறார்கள் என்பது மருத்துவர் சங்கங்களின் பழைய புகார். செவிலியர் பணியிடத்துக்கு அந்த நெருக்கடி இல்லை. பலகையில் பெயர் மாறும் வேகத்தில் செவிலியர் எண்ணிக்கை மாறுவதில்லை.

விருதுநகர் போன்ற பட்டாசுத் தொழில் வட்டாரத்தில் இது உயிர் விஷயம். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்திலும் 2021 பிப்ரவரியில் அச்சன்குளம் பட்டாசு ஆலை விபத்திலும் தீக்காயம் பட்டவர்கள் ஒரே நாளில் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். 60 கிலோ எடையும் 40 சதவீதத் தீக்காயமும் உள்ள ஒருவருக்கு, வழக்கிலுள்ள கணக்குப்படி, முதல் 24 மணி நேரத்தில் 9,600 மில்லி திரவம் ஏற்ற வேண்டும். அதில் பாதி, காயம் பட்ட 8 மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். மணிக்கு மணி சிறுநீரை அளந்து, அதற்கேற்ப டிரிப் வேகத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும். டிரெஸ்ஸிங் மாற்ற இருவராவது வேண்டும். அந்த இருவரும் ஒரே கட்டிலில் இருக்கும்போது மற்ற 29 கட்டில்களை யார் பார்ப்பது?

ஆள் எப்படி நியமிக்கப்படுகிறார் என்பதும் உடைமையின் ஒரு கூறுதான். 2000-களின் நடுவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 24 மணி நேரப் பிரசவத்துக்காக மூன்று செவிலியர் முறை வந்தது. ஒப்பந்த நியமனம்தான் என்றாலும் கிராமத்துப் பிரசவங்கள் அங்கே திரும்பின. மறுக்க முடியாத நன்மை இது. பிறகு ஒப்பந்தமே வழக்கமாயிற்று. 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வெழுதித் தேறியவர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் உட்கார்ந்த போராட்டத்தை மறக்க முடியாது. ஊதியம் பின்னர் 14,000, 18,000 என ஏறியது. கொரோனா காலத்தில் எடுக்கப்பட்ட செவிலியர்களுக்கோ 2022 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தம் முடித்துவைக்கப்பட்டது.

எதிர்த்திசையிலும் ஒரு சான்று உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013-இல் அரசு எடுத்துக்கொண்டபோது அங்கே சிக்கல் ஆள் பற்றாக்குறை அல்ல, மிகுதி. உபரி ஊழியர்கள் மற்ற துறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பின் 2021-இல் அதன் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு வந்தது.

தனியார் பராமரிப்பு நிறுவனங்கள் கைமாறும்போது என்ன நடக்கிறதென்று அமெரிக்காவில் சொல்ல முடிகிறது. அங்குள்ள முதியோர் பராமரிப்பு இல்லங்கள் 2016 முதல் சம்பளப் பட்டியல் அடிப்படையில் தினசரி ஊழியர் நேரத்தைத் தர வேண்டும். 2022-இல் உடைமை மாற்ற விவரங்களும் பொதுவில் வந்தன. முதலீட்டு நிறுவனங்கள் வாங்கிய இல்லங்களில் செவிலியர் கவனிப்பு குறைந்ததையும், குறுகிய காலம் தங்கியவர்களின் இறப்பு சுமார் 10 சதவீதம் கூடியதையும் 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது.

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம் 1997-இல் வந்தது. விதிகள் வர 2018 ஆயிற்று. பதிவும் உரிமமும் உண்டு. ஆனால் ஷிஃப்டுக்கு எத்தனை செவிலியர் என்ற கணக்கு, அரசு மருத்துவமனையானாலும் சரி, தனியார் ஆனாலும் சரி, நோயாளியின் கண்ணில் படுவதில்லை. கண்காணிப்பாளர் மேசையில் டியூட்டி ரோஸ்டர் மாதாமாதம் எழுதப்படத்தான் செய்கிறது. அதை வார்டு வாசலில் ஒட்டுவதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஓர் அரசாணை போதும். விருதுநகரிலிருந்தே, தீபாவளிக்கு முந்தைய மாதங்களிலேயே, அதைத் தொடங்கலாம்.