கலப்பத்து

மணப்பாட்டுக் குன்றிலிருக்கும் சிலுவை, 1540இல் புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பலொன்றின் முறிந்த பாய்மரத்தில் செய்தது என்பது ஊர் மரபு. அந்தக் கதை வரும்போதெல்லாம் தாத்தா ஒன்றைத்தான் கேட்பார்: "ஏலே, மறுமரத்துக்கு அவன் எவ்வளவு அழுதானோ?"

கேட்கக் காரணம் உண்டு. தூத்துக்குடித் தோணி ஒன்றில் அவருக்குக் கால் பங்கு. கொழும்புக்கு வெங்காயமும் ஓடும் ஏற்றிப்போகும் பாய்த்தோணி. கச்சான் காற்றடிக்கும் ஆனி, ஆடியில் ஓட்டம் நிற்கும், செலவு நிற்காது. தோணியைக் கரையேற்றி, பலகை இடுக்குகளில் மக்கிய பஞ்சைச் சுரண்டிவிட்டு, புதுப் பஞ்சுத் திரியை உளிவைத்து அறைய வேண்டும். மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய பூச்சு. இதுதான் கலப்பத்து. பெயர் போர்த்துகீசியத்திலிருந்து வந்தது. வேலையையும் அவர்கள்தான் கற்றுத்தந்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். அடிப்பலகையைப் புழு அரிக்காமலிருக்கச் சுண்ணாம்பு தனி. பிறகு பாய், கயிறு, நங்கூரம்.

ஒரு வருஷம் கலப்பத்துக் கூலிக்குப் பாட்டியின் சங்கிலி போனது. போகாமல் முடியாது. ஓரிடத்தில் திரி விட்டாலும் சரக்கு நனையும். நனைந்தால் வியாபாரி தண்டலிடம் வரமாட்டான், தோணிக்காரன் வீட்டுத் திண்ணைக்குத்தான் வருவான்.

1980கள் வரைகூட இங்கே வெறும் பாயில் ஓடிய தோணிகள் இருந்தன. பிறகு எஞ்சின். பங்காளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்தார்கள். தாத்தாவிடம் இல்லை, பங்கை விற்றார். "காத்து சும்மா கிடைக்குன்னு நெனச்சியா? அதுவும் என்னயத் தின்னுச்சுல்லா" என்றார் என்னிடம்.

வீட்டில் மிஞ்சியது கலப்பத்து உளி ஒன்று. அம்மா அதில்தான் தேங்காய்ச் சில்லு பெயர்க்கிறாள்.