மலைமேற் புகை: நியாய தரிசனம் காட்டும் அறிவு வழி



திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின்மேல், ஜமுனாமரத்தூர் என்னும் ஊர் இருக்கிறது. சாமை முதலிய தானியங்களை விளைத்து வாழும் மலைவாழ் மக்களின் சிற்றூர்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. மார்கழி மாதத்து விடியற்காலையில் அங்கே நின்று எதிர்ச்சரிவை நோக்கினால், மரங்களுக்கு மேலே வெண்மையாக ஏதோ எழுவது தெரியும். அதனைப் புகை என்று கொண்டால், கீழே நெருப்பு இருக்கிறது என்று முடிவு செய்வோம். ஆனால், அது பனிமூட்டமாக இருந்துவிட்டால் நம் முடிவு பொய்யாகிவிடும். கண்ணுக்குத் தெரிவது ஒன்று. அதனைக் கொண்டு நாம் அறிய விரும்புவது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வழியை அளந்து காட்டிய சாத்திரமே நியாய தரிசனம். அச்சாத்திரத்தார் எடுத்துக்கொண்ட பெயர்பெற்ற உதாரணமும் மலையும் புகையுமே என்பது நினைக்க இன்பம் தருவதாகும்.

வேதத்தை ஒப்புக்கொண்ட தரிசனங்கள் ஆறு என்று எண்ணுவது நம் நாட்டு வழக்கு. நியாயம், வைசேடிகம், சாங்கியம், யோகம், மீமாம்சை, வேதாந்தம் என்பன அவை. நியாயத்துக்கு மூலநூல் கௌதமர் இயற்றிய நியாய சூத்திரம். அட்சபாதர் என்பது அவருடைய மற்றொரு பெயர். ஐந்து அத்தியாயங்களையுடைய அந்நூலுக்கு வாத்ஸ்யாயனர் உரை வகுத்தார். அவ்வுரையை உத்யோதகரர் விரித்து விளக்கினார். 14ஆம் நூற்றாண்டில் மிதிலையில் வாழ்ந்த கங்கேசர் 'தத்துவ சிந்தாமணி' என்னும் பெருநூலால் இச்சாத்திரத்துக்குப் புதுவடிவம் தந்தார். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இளம் மாணவர்களுக்கென்றே 'தர்க்க சங்கிரகம்' என்னும் சிறு நூலை எழுதினார். தர்க்கம் பயில விரும்புவோர் இன்றும் முதலிற் கையில் எடுப்பது அந்நூலைத்தான்.

நாம் அறியும் வழிகள் நான்கு என்பர் நியாய நூலார். கண் முதலிய பொறிகளால் நேரே அறிவது காட்சி. ஓர் அடையாளத்தைக் கொண்டு மறைந்துள்ளதை அறிவது அனுமானம். தெரிந்த பொருளின் ஒப்புமையால் தெரியாததை அறிவது உவமானம். நம்பத்தக்கவர் சொல்லால் அறிவது சப்தம். இவற்றுள் அனுமானத்தைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போது அதனை ஐந்து உறுப்புகளாக அமைக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. "இம்மலையில் நெருப்பு உண்டு" என்பது முதல் உறுப்பு. அது நாம் நாட்ட விரும்பும் முடிவு. "புகை இருப்பதால்" என்பது காரணம். "எங்கெங்கே புகை உண்டோ அங்கெல்லாம் நெருப்பு உண்டு, அடுக்களையிற் காண்பது போல" என்பது எடுத்துக்காட்டு. "இம்மலையிலும் அத்தகைய புகை உண்டு" என்பது பொருத்திக் காட்டல். "ஆதலின் இங்கே நெருப்பு உண்டு" என்பது நிறைவு.

இது வடமொழியாளர்க்கு மட்டுமே உரிய செல்வம் என்று எண்ணிவிடாதீர்கள். உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டு அச்சிற் பதிப்பித்து நமக்கு வழங்கிய மணிமேகலையில், வஞ்சிமாநகரத்திலே மணிமேகலை பல சமயவாதிகளைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். அவர்களுள் முதலிற் பேசுபவன் அளவைவாதி. அறியும் வழிகள் எத்தனை என்பதையே அவன் முதலில் விளக்குகிறான். பின்னர் அறவண அடிகள் அவளுக்குத் தருக்கம் கற்பிக்கும்போது பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று அதே ஐந்து உறுப்புகளைக் கூறுகிறார். அங்கும் மலையும் புகையும் அடுக்களையுமே உதாரணமாக வருகின்றன. ஆனால் அடிகள் பௌத்தர். கடைசி இரண்டு உறுப்புகளும் எடுத்துக்காட்டிலேயே அடங்கிவிடும் என்று அவர் உரைக்கிறார். கொள்கையில் மாறுபட்ட இரு சாரார் பொதுவான ஓர் அளவுகோலைக் கையிற் கொண்டு வாதிட்டார்கள் என்பதற்குத் தமிழில் நமக்குக் கிடைத்துள்ள சிறந்த சான்று இதுவாகும்.

இனி, இச்சாத்திரத்தின் உயிர்நிலைக்கு வருவோம். காரணமாகக் காட்டும் அடையாளமும் அதனால் அறியப்படும் பொருளும் எங்கும் பிரியாமல் நிற்க வேண்டும். இத்தொடர்புக்கு வியாப்தி என்று பெயர். புகை உள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்று அதனைத் திருப்பிச் சொல்லலாமா? கொல்லன் உலையிற் பழுக்கக் காய்ந்த இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. ஈரவிறகு சேர்ந்தால்தான் புகை வரும். இவ்வாறு ஒரு புற நிபந்தனையைச் சார்ந்து நிற்கும் தொடர்பை நம்பி முடிவு செய்யலாகாது என்று நியாய நூலார் எச்சரிப்பர். காரணம் போலத் தோன்றிக் காரணமாகாதவற்றை ஹேத்வாபாசம் என்று வகுத்தனர். மணிமேகலை அதனை ஏதுப்போலி என்று அழகாகச் சொல்லும். பனியைப் புகை என்று மயங்குவது ஒரு போலி. அடையாளம் உண்மையாக இருந்தும், அது பல பொருள்களுக்குப் பொதுவாக இருப்பது மற்றொரு போலி.

இந்த இரண்டாவது போலியை நான் நூலிற் படித்திருந்தேன். பிறர்க்குக் கற்பித்தும் இருந்தேன். ஆயினும் அதன் பொருளை எனக்கு உணர்த்தியவன் ஒரு சிறுவன். 1994ஆம் ஆண்டு மழைக்காலத்தில், மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். மலைச்சிற்றூரிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் சில நாட்களாகத் தாமதமாக வந்தான். அவன் அருகில் வந்தபோது சட்டையிற் புகை நாற்றம் வீசியது. வழியில் நின்று பீடி குடிக்கிறான் என்று முடிவு செய்தேன். காலை வணக்கக் கூட்டத்தில், எல்லார் முன்னிலையிலும் கடிந்து பேசி வெளியே நிறுத்தினேன். அவன் ஒரு சொல்லும் மறுத்துரைக்கவில்லை. மறுநாள் முதல் பள்ளிக்கு வரவும் இல்லை.

ஒரு வாரம் சென்றபின் அவன் வீட்டைத் தேடி மலையேறினேன். வீடு ஒற்றை அறை. அந்த அறையிலேயே அடுப்பு. மழையில் நனைந்த விறகு புகைந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில், உலர்வதற்காக அவனுடைய ஒரே பள்ளிச்சட்டை தொங்கியது. அது உலரும்வரை காத்திருந்து வந்ததால்தான் அவனுக்குத் தாமதமும் நேர்ந்தது. புகை உண்மை; புகைக்குக் காரணம் நெருப்பு என்பதும் உண்மை. அடுக்களை என்னும் உதாரணத்தை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிய எனக்கு, அந்த அடுக்களை மட்டும் நினைவுக்கு வரவில்லை. அவன் தாயிடம் உண்மையைச் சொன்னேன். அவன் பள்ளிக்குத் திரும்பி வந்த அன்று, கடிந்த அதே கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டேன். அவன் தலைகுனிந்தே நின்றான். அவனுக்கு நேர்ந்த அவமானத்தை என் மன்னிப்பு முழுதும் துடைத்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

படித்தவர்கள் பிழை செய்வது இயல்பு. பிழையைத் திருத்திக்கொள்ளும் வழி திறந்திருக்கிறதா என்பதே கேள்வி. அதற்கும் இதே ஜவ்வாது மலையில் ஓர் உதாரணம் உண்டு. ஜமுனாமரத்தூருக்கு அருகே காவலூரில் வானாய்வுக்கூடம் அமைந்திருக்கிறது. இன்று அது வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. 1977 மார்ச் 10ஆம் நாள் இரவில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்க இருந்தது. காவலூரில் ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியால் அதனை நோக்கியவர்கள், கோள் மறைப்பதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியதைப் பதிவு செய்தார்கள். ஒளி மங்கியது அடையாளம். இடையே ஏதோ ஒன்று வந்தது என்பது அனுமானம். வந்தது அதுவரை அறியப்படாத ஒரு துணைக்கோள் என்று முதலிற் கருதினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின்மேல் விமானத்திற் பறந்து நோக்கிய அமெரிக்க வானியலார், கோளின் இரு பக்கங்களிலும் ஏறக்குறைய ஒத்த தொலைவுகளில் ஒளி பலமுறை மங்கியதைக் கண்டனர். தனித்த துணைக்கோள் அவ்வாறு செய்ய இயலாது. ஆதலின் யுரேனஸைச் சூழ வளையங்கள் உள்ளன என்னும் முடிவு பிறந்தது. காவலூர்ப் பதிவும் அவ்வளையங்களுக்கே சான்றாயிற்று. 1986 ஜனவரியில் வாயேஜர் 2 என்னும் விண்கலம் அருகிற் சென்று அவ்வளையங்களைப் படம் எடுத்தனுப்பியது. அனுமானத்தால் அறிந்தது காட்சியால் உறுதிப்பட்டது.

இவ்வாறு கூறுவதால், நம் முன்னோர் இன்றைய விஞ்ஞானத்தை எல்லாம் அன்றே கண்டுவிட்டார்கள் என்று நான் சொல்வதாக நினையாதீர்கள். அவர்களிடம் தொலைநோக்கி இல்லை. அடையாளத்தைச் சோதிக்காமல் முடிவுக்குப் போகாதே, அதே அடையாளம் வேறு எதனால் வரக்கூடும் என்று கேள் என்னும் ஒழுக்கம் அவர்களிடம் இருந்தது. வாதிடுவதிலும் அவர்கள் மூவகை கண்டார்கள். உண்மையை அறிய இருவரும் சேர்ந்து முயல்வது வாதம். வெற்றி ஒன்றையே நாடுவது ஜல்பம். தன் கொள்கை எதுவும் இன்றிப் பிறர் கூற்றை மறுப்பது மட்டுமே விதண்டை. 'விதண்டாவாதம் செய்யாதே' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்ளும் சொல் இச்சாத்திரத்தினின்று வந்ததே.

தர்க்கத்தைக் கற்பிக்கும் நூல் ஒன்று தரிசனம் என்னும் உயர்ந்த பெயரை எவ்வாறு பெற்றது என்று சிலர் வினவுவர். விடையைக் கௌதமரே தம் நூலின் தொடக்கத்தில் வைத்திருக்கிறார். துன்பத்தின் வேரைத் தேடிச் சென்றால் பொய்யறிவில் முடியும்; பொய்யறிவு நீங்கினால் குற்றங்கள் நீங்கும்; குற்றங்கள் நீங்கினால் வினையும், அதனால் வரும் பிறவியும், துன்பமும் முறையே நீங்கும் என்பது அவர் கருத்து. அவர் கூறியது முத்தியைப் பற்றி. நான் அதை ஒற்றை அறை வீடு ஒன்றில், அடுப்பின்மேல் தொங்கிய சட்டையைப் பார்த்து நின்றபோது சிறிது புரிந்துகொண்டேன். என் பொய்யறிவினால் விளைந்த துன்பத்தை அங்கே அனுபவித்தவன் நான் அல்லன், அந்தச் சிறுவன்.