திருகோணமலைத் துறைமுகமும் சபையில் அதன் குரலும்

1957ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் நாள் திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படையின் கொடி இறக்கப்பட்டது. 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றிய நாள்முதல் 162 ஆண்டுகள் அத்துறைமுகம் வெள்ளையர் பிடியில் இருந்தது. 1947 நவம்பரில் கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்து அன்றே குரல் எழுப்பியவர்கள் இலங்கையின் இடதுசாரிகள். அந்நியப் படைத்தளம் இருக்கும்வரை சுதந்திரம் அரைச் சுதந்திரமே என்று அவர்கள் கூறிவந்தது பத்தாண்டுகளில் பலித்தது. சூயெஸ் கால்வாயில் ஏகாதிபத்தியம் அவமானப்பட்டு ஓராண்டு கூட ஆகாத வேளை அது. முற்போக்காளர் மகிழ்ந்ததில் வியப்பில்லை.

ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். இறங்கிய கொடியைக் கண்டு ஆரவாரித்த நம்மவர், அக்கொடியின் கீழ் கூலி பெற்று உயிர் வாழ்ந்த டொக்யாட் தொழிலாளியை எண்ணிப் பார்த்தனரா? அவனுக்காகப் பேசியவர் யார்? எங்கே பேசினார்? பேசியதால் விளைந்தது என்ன? திருகோணமலையின் சட்டசபை வரலாறு இவ்வினாக்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது எனலாம்.

அந்நகரின் பிழைப்பு அப்படிப்பட்டது. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள், உட்துறைமுகத்தில் பட்டறைகள், பண்டகசாலைகள் என்று யாவும் கடற்படைக்காகவே எழுந்தவை. இரண்டாம் உலகப் போர் அந்த நகரைப் பெருக்கச் செய்தது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதும் அத்துறைமுகத்தின் மீதுதான். ஆனால் தொழிலாளியின் கூலியை நிருணயித்தது இலண்டனிலிருந்த கடற்படைத் தலைமை. கொழும்பில் அமர்ந்திருந்த பிரதிநிதி எழுந்து கேட்டாலும், நேரே மறுமொழி சொல்லப் பொறுப்பான அமைச்சர் எவருமில்லை. சோல்பரி யாப்பின்படி பாதுகாப்பும் வெளிவிவகாரமும் பிரதமர் கையிலேயே இருந்தன. ஆகவே டொக்யாட்டில் ஒருவன் வேலை இழந்தால் அதுவும் ஒருவகையில் வெளிநாட்டு விவகாரமே! இந்த விசித்திரத்தை மறந்துவிட்டு அக்காலப் பிரதிநிதிகளை எடைபோடுவது நியாயமன்று.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். டொனமூர் யாப்பின் கீழ் அமைந்த அரசாங்க சபையில் திருகோணமலையும் மட்டக்களப்பும் சேர்ந்து ஒரே தொகுதி. 1943இல் அத்தொகுதியின் அங்கத்தவரானவர் வ. நல்லையா. இவர் ஆசிரியத் தொழிலிலிருந்து அரசியலுக்கு வந்தவர் என்பதை நம் வாசகர்கள் மனங்கொள்ளல் தகும். அச்சபையில் இன்று நாம் அறியும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவு கிடையாது. நிர்வாகக் குழுக்களே உண்டு. 1944 மே மாதம் ஜே. ஆர். ஜெயவர்த்தனா சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைக் கொணர்ந்தார். பாடசாலைகளில் போதனாமொழி, பரீட்சைகளில் கட்டாய பாடம், சபை நடவடிக்கைகளில் இடம் ஆகிய எல்லாம் அதில் அடங்கின. நல்லையா எழுந்து, சிங்களம் என்று வருமிடங்களிலெல்லாம் தமிழையும் சேர்க்க வேண்டும் எனத் திருத்தம் முன்வைத்தார். திருத்தம் நிறைவேறியது. ஜெயவர்த்தனாவும் அதை ஏற்றார். இரு மொழிகளும் ஆட்சிமொழிகளாவதில் தமக்கு ஆட்சேபமில்லை என்று அன்று பேசியவர்களுள் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் ஒருவர்.

இது சிறிய வெற்றியா, பெரிய வெற்றியா? ஒரு சொல்லைச் சேர்த்ததனால் கிழக்கிலங்கைப் பிள்ளை தன் தாய்மொழியில் அரசாங்கப் பரீட்சை எழுதும் உரிமை ஏட்டில் ஏறியது. ஆனால் அது சபைத் தீர்மானம் மட்டுமே, சட்டமன்று. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1956இல், அதே பண்டாரநாயக்கா பிரதமராக இருந்து தனிச் சிங்களச் சட்டத்தை நிறைவேற்றினார். அவ்வாண்டு சபையில் தமிழ்ப் பிரதிநிதிகளோடு சேர்ந்து அதை எதிர்த்தவர்கள் சமசமாஜிகளும் கம்யூனிஸ்டுகளும். அந்த நிலைப்பாட்டை இடதுசாரிகள் என்றும் காத்திருந்தால் இலங்கையின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும் என்பது என் துணிபு. 1964இல் சமசமாஜக் கட்சி அமைச்சரவையில் புகுந்தது. 1972இல் சிங்களத்துக்கு முதன்மை தந்த குடியரசு யாப்பை முன்னின்று ஆக்கியவர், 1956இல் அதற்கெதிராக முழங்கிய கொல்வின் ஆர். டி. சில்வாவே. இதை எழுதும்போது கை கூசுகிறது. எழுதாமல் விடுவது அதைவிடக் கூச்சம்.

இனித் திருகோணமலைத் தனித்தொகுதியின் கதை. 1947இல் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் எஸ். சிவபாலன் தெரிவானார். மறு ஆண்டில் அக்கட்சியின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார். மலையகத் தொழிலாளரின் பிரஜாவுரிமையைப் பறித்த அரசாங்கத்தில் சேர்வதா என்ற கேள்வியில் பிரிந்தவர்கள் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தனர். அக்கட்சியின் முதலாவது தேசிய மாநாடு 1951இல் கூடிய இடம் திருகோணமலை. 1952 பொதுத்தேர்தலில் அதன் தலைவர் செல்வநாயகமே காங்கேசன்துறையில் தோற்றார். நாடு முழுவதிலும் அக்கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் இரண்டு. கோப்பாயில் வன்னியசிங்கம், திருகோணமலையில் என். ஆர். இராசவரோதயம்.

95 தொகுதி உறுப்பினரும் 6 நியமன உறுப்பினருமாக 101 பேர் கொண்ட சபையில் இருவர்! எதிர்க்கட்சி வாங்குகளிலும் கடைக்கோடி. அத்தகைய பிரதிநிதி என்ன செய்ய இயலும்? வினா எழுப்பலாம். வரவுசெலவு விவாதத்தில் அமைச்சின் செலவினத் தலைப்பு வரும்போது தன் ஊர்க் குளத்தையும் வீதியையும் நினைவூட்டலாம். ஒத்திவைப்புப் பிரேரணை கொணரலாம். அவன் சொல்லை ஹன்சாட் பதிவுசெய்யும். பதிவு செய்தபின் வாக்கெடுப்பு நடக்கும். வாக்கெடுப்பில் எண்ணிக்கையே பேசும். எனினும் இராசவரோதயத்தைத் திருகோணமலை மக்கள் 1956இலும், 1960இல் இரு முறையும் திரும்பத் திரும்ப அனுப்பினர். 1963இல் இறக்கும்வரை அவரே அவர்களின் பிரதிநிதி. ஒன்றும் பெற்றுத்தர இயலாத எதிர்க்கட்சிக்காரனை மக்கள் ஏன் மீண்டும் தெரிகிறார்கள் என்று பட்டணத்து அறிஞர்கள் வியப்பதுண்டு. தன் துயரம் சொல்லப்பட்டது என்பதும் ஏழைக்கு ஒரு பேறுதான் என்பதை அவர்கள் அறியார்.

இப்போது டொக்யாட் தொழிலாளியிடம் மீள்வோம். தளம் மூடப்பட்டதால் வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் 400 பேரளவினரைப் பதவியாக் குடியேற்றத் திட்டத்தில் அமர்த்த அரசாங்கம் எண்ணியது. நீதியான எண்ணந்தான். கப்பற் பட்டறையில் இரும்பு தட்டியவன் வயலில் மண் வெட்டப் பழகிக்கொள்வான். ஆனால் அவர்கள் வருமுன்னரே அந்நிலத்தில் சிங்களத் தொழிலாளரும் விவசாயிகளும் கூட்டமாகப் புகுந்து குடிசை போட்டனர். முன்னின்று நடத்தியவர் ஒரு பிக்கு. அரசாங்கம் பணிந்தது. 1957 ஜூலையில் செய்த பண்டா-செல்வா உடன்படிக்கையை 1958 ஏப்ரலில் பிரதமர் கிழித்தெறிந்தார். மே மாதம் நாடு தீப்பற்றியது. ஏகாதிபத்தியத்தின் தளம் போன மகிழ்ச்சிக்குத் திருகோணமலைத் தொழிலாளி கொடுத்த விலை இது. வேலையும் போயிற்று, வாக்களித்த நிலமும் போயிற்று. தொழிலாளியின் தோழர்களென்று நாம் சொல்லிக்கொண்டபோது, நிலத்தை மறித்து நின்றவனும் நிலமற்ற ஏழையே என்ற உண்மை நம்மைத் திகைக்க வைத்தது. ஏழையை ஏழைக்கெதிராக நிறுத்துவதில் ஆளும் வர்க்கம் அடைந்த தேர்ச்சி அத்தகையது.

நிலப் பிரச்சினை பதவியாவோடு நிற்கவில்லை. கந்தளாய்க் குளத்தின் கீழும், வெருகல் ஆற்றை அண்டிய அல்லைத் திட்டத்திலும் அரசாங்கமே குடியேற்றங்களை நடத்தியது. 1946இல் 76,000 பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்த மாவட்டத்துச் சனத்தொகை 1963இல் 1,38,000ஐத் தாண்டியது. குடியேறியவர்கள் மேல் நமக்குப் பகையில்லை. அவர்களும் வறுமையால் துரத்தப்பட்டவர்கள். ஆனால் தம்பலகாமத்துத் தமிழ் விவசாயியும் கிண்ணியா, மூதூர் முஸ்லிம் விவசாயியும் தத்தம் வாசலிலேயே நிலமின்றி நின்றது ஏன்? இவ்விருவரும் ஒரே குரலாகக் கேட்டிருந்தால் சபை இன்னும் சற்றுச் செவிசாய்த்திருக்கும். அப்படி நேராததில் தமிழ்த் தலைமைக்கும் பங்குண்டு. 1976இன் எல்லை நிருணயத்தில் சேருவில என்ற புதுத் தொகுதி பிரிந்தது. 1977 தேர்தலில் மாவட்டத்தின் மூன்று ஆசனங்களில் இரண்டு ஆளுங்கட்சிக்குப் போயின.

அரசாங்க வாங்கில் அமர்ந்து பார்த்த அனுபவமும் உண்டு. 1965இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவை ஆதரித்தது. செனற்றர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். கோட்டைக்குள் அமைந்த கோணேசர் கோயிற் சூழலைப் புனித பூமியாக்குவது குறித்து ஆராய அவர் ஒரு குழுவை நியமித்தார். பிக்கு ஒருவர் பிரதமருக்கு ஆட்சேபம் தெரிவித்ததும் குழுவின் பணி நிறுத்தப்பட்டது. 1968இல் திருச்செல்வம் பதவி துறந்தார். கட்சி மீண்டும் எதிர்ப்பக்கம் வந்தது. ஒரு குழுவைக் கூட்டும் அதிகாரம் கூட இல்லாத அமைச்சரைவிட வினாக் கேட்கும் உறுப்பினர் மேலானவர் போலும்.

1977இல் திருகோணமலையில் வென்ற இரா. சம்பந்தனின் கதை நம் காலத்தது. 1983 ஆகஸ்டில் 6ஆவது யாப்புத் திருத்தம் வந்தது. அது கோரிய சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த கூட்டணியினர் ஆசனங்களை இழந்தனர். அரசாங்கம் ஒருபுறம் வாயை அடைத்தது. மறுபுறம் துப்பாக்கி அடைத்தது. 1970இல் மூதூரில் முதன்முறை தெரிவான அ. தங்கத்துரை, 1997 ஜூலை 5ஆம் நாள் திருகோணமலைப் பாடசாலை விழாவொன்றில் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே கொன்றனர் என்பது வெளிப்படை. அவரிடத்துக்கே சம்பந்தன் சபைக்கு மீண்டார். 2015 செப்டெம்பரில், அமிர்தலிங்கத்துக்குப்பின் எதிர்க்கட்சித் தலைவரான இரண்டாவது தமிழராக அமர்ந்தார். 2024 ஜூன் 30இல் அவர் காலமானார்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில் சம்பூர் இருக்கிறது. 2006இல் போரினால் அவ்வூர் மக்கள் வெளியேறினர். அவர்கள் நிலத்தை உயர் பாதுகாப்பு வலயமென்றும், பின்னர் கைத்தொழில் வலயமென்றும் வர்த்தமானிகள் அறிவித்தன. மக்கள் அகதிமுகாம்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 2015 மே மாதம் 818 ஏக்கர் தொடர்பான வர்த்தமானி இரத்துச் செய்யப்பட்டது. ஒன்பது ஆண்டுகள் கழித்துத் திரும்பியவர்கள் தம் வளவுகளைக் காடு மூடியிருக்கக் கண்டனர். வீடுகள் இருந்த இடங்களைக் கிணறுகளை வைத்தே அடையாளம் காண வேண்டியிருந்தது.