கோப்பியாப்போவா சினெரேயா

கோப்பியாப்போவா சினெரேயா என்பது தென் அமெரிக்காவிலுள்ள சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனக் கரையோரத்தில் மட்டும் இயற்கையாக வளரும் ஒரு கள்ளி இனமாகும். மிக மெதுவாக வளரும் இச்செடி, சாம்பல் கலந்த வெண்ணிறத் தண்டுக்காகச் சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகிறது. சப்பாத்திக்கள்ளியைப் போல இதுவும் காக்டேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இதற்கு நெருங்கிய உறவுடையவை அல்ல.

பெயர்

1860 இல் ருடால்ப் பிலிப்பி இதனை எக்கினோகாக்டசு சினெரேயசு என்ற பெயரில் விவரித்தார். 1922 இல் பிரிட்டன், ரோசு ஆகியோர் கோப்பியாப்போவா என்னும் புதிய பேரினத்தை உருவாக்கி இதனை அதில் சேர்த்தனர். பேரினப் பெயர் சிலியின் கோப்பியாப்போ நகரிலிருந்து வந்தது. சினெரேயா என்பது இலத்தீன் மொழியில் சாம்பல் நிறமுடையது எனப் பொருள்படும்.

அமைப்பு

இளஞ்செடி உருண்டையாக இருக்கும். முதிரும்போது தூண் வடிவம் பெற்று ஒரு மீட்டர் அளவுக்கு உயரும். தண்டை மூடியுள்ள மெழுகுப் பூச்சே வெண்ணிறத்திற்குக் காரணம். இப்பூச்சு கடும் வெயிலைத் தெறிக்கச் செய்து நீரிழப்பைக் குறைக்கிறது. முட்கள் கருநிறமானவை. கம்பளி போன்ற நுனியிலிருந்து மஞ்சள் நிறப் பூக்கள் தோன்றும்.

வாழிடம்

தால்தால் நகர்ப்பகுதியிலும் பான் தெ அசூக்கார் தேசியப் பூங்காவிலும் இது காணப்படுகிறது. இங்கு மழை மிக அரிது. பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் கமஞ்சாக்கா எனப்படும் மூடுபனியே முதன்மையான ஈரம் தருகிறது.

இதன் கொலும்னா-ஆல்பா என்னும் வகையில் செடிகள் யாவும் வடக்கு நோக்கிச் சாய்ந்து நிற்கும். தென் அரைக்கோளத்தின் இப்பகுதியில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடபுறமே இருக்கும். எனவே வளர்ச்சி நடைபெறும் நுனி போதிய வெப்பம் பெறுகிறது. தண்டின் பக்கங்கள் மிகை வெப்பத்திலிருந்து தப்புகின்றன.

சேகரிப்பும் அச்சுறுத்தலும்

விதையிலிருந்து இச்செடியை வளர்க்க இயலும். ஆயினும் அடிக்கடி நீர் பெறும் வளர்ப்புச் செடிகள் பசுமை கூடியே காணப்படும். பாலைவனத்தில் பல்லாண்டுகள் நின்று முதிர்ந்த தோற்றத்தை விரும்புவோர் காட்டுச் செடிகளையே நாடுவதால் கள்ளத்தனமான அகழ்வு நிகழ்கிறது. மெதுவான வளர்ச்சியால் அகற்றப்பட்ட ஒரு முதிர்ந்த செடியின் இடம் நிரம்ப மிக நீண்ட காலம் ஆகும்.

அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் இப்பேரினம் இடம்பெற்றுள்ளது. 2020 பெப்ரவரியில் இத்தாலியின் செனிகாலியா நகரில் 1,000-க்கும் மேற்பட்ட சிலி நாட்டுக் கள்ளிகள் கைப்பற்றப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை கோப்பியாப்போவாக்கள். உயிர் பிழைத்த 800-க்கும் மேற்பட்டவை 2021 இல் சிலிக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. 2024 இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இப்பேரினத்தின் 82 விழுக்காட்டு இனங்கள் அழியும் ஆபத்தில் உள்ளன; 2013 இல் இது 55 விழுக்காடாக இருந்தது.