திருத்தமும் சாதாரணச் சட்டமும்

எழுதி வைக்கப்பட்ட அரசியலமைப்பை மாற்றும் அதிகாரம் யாருக்கு உண்டு, எம்மட்டும் உண்டு என்னும் வினா பழமையானது. மாற்றவே இயலாத சட்டம் காலப்போக்கில் முறிந்துவிடும்; எளிதில் மாறும் சட்டமோ எவருக்கும் அரணாகாது. இவ்விரு இடர்களையும் இந்திய அரசியல் நிர்ணய சபை உணர்ந்திருந்தது.

1949 செப்டம்பர் 17-ஆம் நாள் நடந்த விவாதத்தில் டாக்டர் அம்பேத்கர் அரசியலமைப்பின் விதிகளை மூவகையாகப் பகுத்துக் காட்டினார். முதல் வகையினைப் பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றலாம். இரண்டாம் வகைக்கு ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினருள் பெரும்பான்மையும், வாக்களிப்போருள் மூன்றில் இரு பங்கும் வேண்டும். குடியரசுத் தலைவர் தேர்தல், மத்திய மாநில அதிகாரப் பங்கீடு போன்றவற்றிற்கு இவற்றோடு மாநிலச் சட்டமன்றங்களுள் பாதிக்குக் குறையாதவற்றின் இசைவும் வேண்டும். பின்னிரண்டு வகைகளே 368-ஆம் விதியின்படி 'திருத்தம்' எனப்படுவன.

முதல் வகைக்கு நம் மாநிலத்தின் பெயரே சான்று. 'தமிழ்நாடு' என்னும் பெயரையும் வேறு சில கோரிக்கைகளையும் முன்வைத்து உண்ணாநோன்பிருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபரில் உயிர் நீத்தார். 1967 ஜூலை 18 அன்று சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானித்தது. பாராளுமன்றம் 1968-இல் இயற்றிய சட்டத்தால் 1969 ஜனவரி 14 முதல் பெயர் மாறியது. அரசியலமைப்பின் முதல் அட்டவணையின் வாசகமே இதனால் மாறிற்று. எனினும் திருத்தங்களின் வரிசையில் அதற்கு எண் இல்லை. மாநிலங்களின் பெயர், எல்லை ஆகியவற்றை மாற்றும் சட்டம் 368-ஆம் விதிக்குட்பட்ட திருத்தமாகக் கருதப்படலாகாது என 4-ஆம் விதி கூறுவதே இதற்குக் காரணம்.

இதே வாயிலின் வழியே ஒரு மாநிலத்தைப் பிரிக்கவும் கூடும். அம்மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டல் வேண்டும். அதற்கு இணங்க வேண்டுமென்பதில்லை. 2014 ஜனவரியில் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் பாராளுமன்றம் பிரிவினைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூன் 2-ஆம் நாள் தெலங்கானா மாநிலம் பிறந்தது.

நாட்டின் நிலத்தைப் பிறநாட்டிற்கு அளிப்பதோ இவ்வாறன்று. 1958-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி மேற்கு வங்காளத்துப் பேருபாரியின் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்கு ஈய முற்பட்டபோது, அதற்கு 368-ஆம் விதிப்படி திருத்தம் வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1960-இல் கருத்துரைத்தது. அவ்வாண்டே ஒன்பதாம் திருத்தம் நிறைவேறியது.

இவ்வேற்றுமை தற்செயலானதன்று. சுதேச சமஸ்தானங்கள் இணைந்து, மொழிவழி மாநிலக் கோரிக்கைகள் வலுத்துவந்த காலத்தில் உள்நாட்டு எல்லைகள் மாறியே தீரும் என்பதை சபையினர் அறிந்திருந்தனர். ஆகவே அவ்வாயிலை எளிதாக்கினர். மக்களின் அடிப்படை உரிமைகளையோ கடினமான வாயிலுக்குள் வைத்தனர்.

அக்கடின வாயிலுக்கும் ஓர் எல்லை உண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று. 1973 ஏப்ரல் 24 அன்று கேசவானந்த பாரதி வழக்கில், பதின்மூன்று நீதிபதிகளுள் எழுவர் பெரும்பான்மையில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் திருத்தத்தாலும் அழிக்கலாகாதெனத் தீர்ப்பாயிற்று.

ஒரு மாற்றத்திற்கு எத்தனை வாக்குகள் போதும் என்னும் கேள்வி வெறும் கணக்கன்று. எதனை இன்றைய பெரும்பான்மையின் கையில் விடலாம், எதனை விடலாகாது என்னும் தீர்மானமே அதில் அடங்கியுள்ளது. பெயர்மாற்றத்தில் மகிழ்ந்த நாம், அதே எளிய வாயில் ஒரு மாநிலத்தின் விருப்பத்திற்கு மாறாகவும் திறக்கக்கூடும் என்பதை மறத்தலாகாது.