நமுனுகுலச் சாரலும் இரு முகாம்களும்

இரண்டாம் உலகப் போர் 1945 இல் முடிவுற்றபின் உலகம் முதலாளித்துவ முகாமென்றும் பொதுவுடைமை முகாமென்றும் இரண்டாகப் பிரிந்தது. ஜெர்மனியும் கொரியாவும் நிலத்திலேயே பிளவுண்டன. எல்லைக்கோடு வரையப்படாத நாடுகளிலோ, அப்பிளவு சட்டங்களிலும் தொழிற்சங்கங்களிலும் ஊடுருவி நின்றது. பதுளைக்குத் தென்கிழக்கே ஒன்பது சிகரங்களோடு உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் நோக்குவோர்க்கு, இவ்விரு முறைமைகளும் ஒரே மக்கட் கூட்டத்தை எவ்வாறு நடத்தின என்பது புலனாகும்.

போர் முடிவதற்கு முன்னரே ஊவாவில் இடதுசாரி இயக்கம் வேரூன்றியிருந்தது. 1935 இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் தொழிற்சங்கம் கங்காணியின் பிடிக்கும் துரையின் ஆணைக்கும் உட்பட்டிருந்த தொழிலாளரிடையே பரவியது. 1940 மே மாதத்தில் பதுளையை அடுத்த வெவஸ்ஸத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோர், அடக்க வந்த பொலிஸாரின் ஆயுதங்களையே பறித்தனர். அடுத்த மாதம் கட்சியின் தலைவர்கள் சிறையிடப்பட்டனர். அதே ஆண்டில் மொஸ்கோவைச் சார்ந்தோர் கட்சியினின்றும் நீக்கப்பட்டமையால், இடதுசாரிகளுக்கிடையிலான பிளவும் அன்றே தொடங்கிற்று எனலாம்.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் 95 தொகுதிகளுள் சமசமாஜிகள், போல்ஷெவிக் லெனினிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள் ஆகிய மூன்று இடதுசாரிக் கட்சிகளும் 18 ஐக் கைப்பற்றின. பதுளையில் இலங்கை இந்திய காங்கிரஸைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா வெற்றி பெற்றார். தோட்டத்து வாக்குகளும் இடதுசாரிகளின் வாக்குகளும் ஒருங்கிணையக்கூடும் என்ற அச்சம் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கத்துக்கு எழுந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் அத்தொழிலாளரை வாக்குரிமையற்றோர் ஆக்கின. காணியை இழந்த கண்டிச் சிங்கள விவசாயியின் குறை மெய்யானதே. ஆயினும் அக்காணியைப் பறித்தவன் தொழிலாளி அல்லன். பறித்தது குடியேற்ற ஆட்சி. அதன் கம்பனிகள் காணியோடு நிலைத்திருக்க, உழைத்தவன் மட்டும் அந்நியனாக்கப்பட்டான். இடதுசாரி உறுப்பினர்கள் 1948 இல் இச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தமை மறக்கற்பாலதன்று.

எனினும் வாக்கற்ற மக்களுக்காகப் பேசுவதால் தேர்தலில் ஆதாயமில்லை. இவ்வுண்மை இடதுசாரிகளையும் மெல்ல மாற்றியது. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்திற் சேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரும் 1974 இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பிரிக்கப்பட்டனர். இக்காலத்திலேயே மொஸ்கோ-பீக்கிங் பிணக்கும் மலையகத்தை எட்டியது. என். சண்முகதாசனைச் சார்ந்த செங்கொடிச் சங்கம் பீக்கிங் அணியில் நின்றது. உலக முகாம்களின் பிணக்கு ஒரே லயனில் வாழ்ந்தோரையும் வெவ்வேறு சங்கங்களாகப் பிரித்தது.

1970 இல் ஆட்சியேற்ற ஐக்கிய முன்னணியில் சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வா பெருந்தோட்டக் கைத்தொழில் அமைச்சரானார். 1972 ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் காணிக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு விதித்தது. 1975 ஆம் ஆண்டுத் திருத்தம் கம்பனித் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. அவற்றை யார் நிர்வகிப்பது என்ற பூசலும் அதே ஆண்டில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்தினின்றும் வெளியேற்றப்பட்டமைக்கு ஒரு காரணமாயிற்று. சோஷலிசத்தின் பெயரால் நிகழ்ந்த இம்மாற்றத்தில் தொழிலாளிக்குக் காணி கிடைத்ததா? இல்லை. பிரசாவுரிமையற்றோன் காணிப் பங்கீட்டிற்கும் புறம்பானான். 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களிற் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. பலர் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்து, தலைமன்னாரிற் கப்பலேறினர்.

1977 க்குப் பின் நாடு திறந்த பொருளாதாரத்திற்குத் திரும்பியது. 1984 இல் ஆண் பெண் கூலி சமமாக்கப்பட்டது. 1992 இல் தோட்ட நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது; அவற்றுள் ஒன்றுக்கு நமுனுகுலவின் பெயரே சூட்டப்பட்டது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை வழங்கியது. 1948 இல் இழந்ததை முழுமையாக மீட்க 55 ஆண்டுகள் சென்றன.

கம்பனி உடைமை, அரசு உடைமை, மீண்டும் கம்பனி நிர்வாகம் என ஆட்சிமுறை இருமுறை மாறியும் லயன் காம்பிராவின் சுவர்கள் பெரிதும் மாறவில்லை. உற்பத்திச் சாதனங்கள் யாருக்கு உரியன என்னும் வினாவை இரு முகாம்களும் எழுப்பின. அவ்வினாவுக்கு விடை கூறும் உரிமை எவனுக்கு உண்டு என்பது அதற்கும் முந்திய வினா. பிரசாவுரிமை பறிக்கப்பட்ட இடத்தில் சந்தையும் விடுதலை தரவில்லை, அரசுடைமையும் தரவில்லை. நமுனுகுலச் சாரலின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.