இத்தாலிய ஜனரஞ்சக இசையின் முன்னோடிப் பாடகர்கள்

இத்தாலிய சங்கீதம் என்றவுடன் மிலான் நகரத்து ஸ்காலா அரங்கமும் வெர்தியின் இசை நாடகங்களுமே நம் நினைவுக்கு வருவது வழக்கமாயினும், இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னர் அந்நாட்டுச் சாமானிய ஜனங்கள் வானொலியில் கேட்டு, வேலையினூடே வாய்க்குள் முணுமுணுத்த பாட்டு அதனின்றும் வேறானது. அதற்கு ஸ்திரமான மேடை அமைத்துத் தந்தது, லிகூரியக் கடற்கரையிலுள்ள சான் ரெமோ நகரத்துச் சூதாட்ட மாளிகையில் 1951 ஜனவரியில் தொடங்கிய பாட்டுப் போட்டியாகும்.

சபையோர் மேஜைகளைச் சுற்றி அமர்ந்து போஜனம் செய்துகொண்டிருக்க நடந்த அம்முதற்போட்டியின் 20 பாடல்களையும், நில்லா பிட்சி, அகில்லே தொல்யானி, ஃபசானோ இரட்டையர் ஆகியோரே தமக்குள் பகிர்ந்து பாடினர். 1919-இல் பிறந்த பிட்சி முதற்பரிசு பெற்றார். மறு ஆண்டில் முதல் மூன்று ஸ்தானங்களும் அவர் பாடிய பாடல்களுக்கே கிட்டின. ரோமாபுரியில் பிறந்த கிளாவ்தியோ வில்லா, நீண்டு உயரும் சாரீரத்தால் பழைய மரபின் பிரதிநிதியாக விளங்கினார்.

அம்மரபை மாற்றிய பெருமை தொமெனிகோ மொதுன்யோவையே சாரும். தென்கோடிப் பூல்யா மாகாணத்தின் போலின்யானோ அ மாரே என்னும் கடலோர ஊரில் 1928-இல் பிறந்த இவர், பிறர் இயற்றியதைப் பாடுவதோடு நில்லாமல் தாமே மெட்டமைத்துப் பாடியவர்; வலையில் அகப்பட்ட பேடையைப் பிரிய மனமின்றித் தானும் உயிர்விடும் வாள்மீனைப் பற்றி வட்டார வழக்கில் அவர் பாடிய பாட்டு, மீனவர் வாழ்வை அறிந்த ஒருவரால் மட்டுமே பாடத்தக்கது. மார்பில் கைவைத்து அசையாது நின்று பாடுவதே சம்பிரதாயமாயிருந்த சான் ரெமோ மேடையில், 1958-இல் அவர் இரு கரங்களையும் அகல விரித்து, ‘வோலாரே’ என்று உலகம் அறிந்த பாடலைப் பாடியபோது, இத்தாலியப் பாட்டின் ஒரு சகாப்தம் முடிந்து மற்றொன்று பிறந்தது என்றே கொள்ள வேண்டும். அவ்வாண்டு யூரோவிஷன் போட்டியில் அதற்கு மூன்றாமிடமே கிடைத்தது. ஆயினும் அமெரிக்காவில் ஐந்து வாரங்கள் விற்பனைப் பட்டியலின் தலைமையிடத்தை வகித்து, 1959-இல் முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதுகளில் இரண்டையும் பெற்றது.

ஜெனோவா நகரத்து ஜீனோ பாவ்லி, லூயிஜி தென்கோ முதலியோர் தாமே எழுதித் தாமே பாடும் வழியைப் பின்னர் விரிவாக்கினர். 1984-இல் பக்கவாதத்தால் தாக்குண்ட மொதுன்யோ, 1987-இல் பாராளுமன்ற அங்கத்தினராகி, 1994 ஆகஸ்டில் லம்பெதூசாத் தீவில் காலமானார். அவரும் வில்லாவும் சான் ரெமோவில் தலா நான்கு முறை வெற்றி பெற்றுள்ளனர்.